பூனை வரைபடத்தில் ஒரு சிவப்பு ஊசி

மனித குலத்துக்கு என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துபோயிற்று. ஆகவே பூனைக் குலத்துக்குச் சேவை செய்வது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முடிவெடுத்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன். என் மனைவி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை. பதினோரு நாளாக அவள் அப்படித்தான் நிற்கிறாள். பிறகு ஞாபகம் வந்து பற்றவைப்பாள்.

"நான் ஒரு அறக்கட்டளை ஆரம்பிக்கப் போறேன்" என்றேன்.

"காபி மேசை மேல இருக்கு."

"தெருப்பூனைங்களுக்காக. ஊருக்கே ஒரு வரைபடம் போடப் போறேன். எந்தப் பூனை எங்க இருக்கு, யாரு சாப்பாடு வைக்கிறாங்க, எதுக்கு உடம்பு சரியில்ல, எது குட்டி போட்டிருக்கு, எல்லாத்தையும் குறிச்சு வச்சா, பூனைகளைக் காப்பாத்துறவங்களுக்கு எவ்வளவு உதவியா இருக்கும்! லாப நோக்கமே இல்லாத அமைப்பு."

"உங்களுக்கு என்னைக்கு லாபம் வந்திருக்கு, நோக்கம் வர்றதுக்கு?"

பதினோரு நாளில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் திரும்பி, மூலையில் இருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். அழுக்கே இல்லாத கிண்ணம். கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். தினமும் காலையில் இது நடக்கிறது. நானும் தினமும் பார்க்கிறேன். பார்த்துவிட்டுக் காபி குடிப்பது சுலபமில்லை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கிண்ணத்துக்குச் சொந்தக்காரியைக் காணாமல் போகச் செய்தவன் நான்தான்.

அவள் பெயர் மேனேஜரம்மா. சாம்பல் நிறம், இடது முன்கை மட்டும் வெள்ளை. பெயர் வைத்தது நான். நில அளவை ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கையால் வரைபடம் போட்டவன் நான். பிறகு ஒரு மெஷின் வந்தது. எட்டுப் பேர் செய்த வேலையை அது ஒன்றே செய்தது, காபிகூடக் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கூடத்தில் பலகையைப் போட்டு எந்தத் தாளை விரித்தாலும் இந்தப் பூனை வந்து நட்டநடுவில் உட்காரும். கொஞ்ச நேரம் வேலையைப் பார்க்கும். பிடிக்கவில்லை என்பது போல எழுந்து போகும். என் பழைய மேனேஜரும் இதையேதான் செய்வார்.

என் மனைவிக்கு அந்தப் பூனை என்றால் உயிர். "மேனேஜரம்மா சாப்பிட்டாங்களா? மேனேஜரம்மாவுக்குக் குளிருதா?" என்று வாய் நிறைய மரியாதை. எனக்கு, "தட்டு அங்க இருக்கு." நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கும் மனிதனிடம் பேச என்ன இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் பொறாமை இருந்தது. ஒரு பூனையின் மேல் பொறாமைப்பட்டேன் என்று இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

ஆபீசை விட்ட பிறகு எனக்கு வந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்ட ஊரின் பெரிய வரைபடம். மூன்று மாதம் குனிந்து போட்டேன். கடைசி நாள், மை காயவில்லை. மேனேஜரம்மா வந்தாள். தெற்கிலிருந்து வடக்காக நடந்தாள். ஏரி இருந்த இடத்தில் நின்று, தன் பங்குக்குக் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்தாள்.

என் மனைவி அன்று தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கடைக்குப் போகும் நீல நிற ஜிப் பையை எடுத்தேன். மேனேஜரம்மாவை உள்ளே போட்டேன். பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கினேன். அங்கே மூடிப்போன ஒரு பிஸ்கட் ஃபேக்டரி உண்டு. அதன் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் ஜிப்பைத் திறந்தேன். அவள் வெளியே வந்தாள், ஓடவில்லை. உட்கார்ந்து அந்த வெள்ளைக் கையை நக்கிக்கொண்டாள். நான்தான் ஓடினேன். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அங்கேயேதான் உட்கார்ந்து, என் வேலை பிடிக்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மனைவி வந்தாள்.

"மேனேஜரம்மா எங்கங்க?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"சமையலறை ஜன்னல் திறந்திருந்துச்சு. நீ போகும்போது திறந்து வச்சிட்டுப் போயிட்ட போல."

"நானா?"

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாக, "நானாத்தான் இருக்கும்" என்றாள்.

பூனையைக் கொண்டுபோய் விட்டது ஒரு தப்பு. அதை மன்னித்தாலும் மன்னிக்கலாம். இந்த வார்த்தையை நான் என்றைக்கும் மன்னித்துக்கொள்ள மாட்டேன். அன்றிலிருந்து அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த ஜன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாடு பாதி தட்டிலேயே நின்றது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஃபேக்டரிக்கு ஓடினேன். தொட்டி இருந்தது, பூனை இல்லை. வாக்கிங் என்று சொல்லிவிட்டுத் தினமும் போனேன். கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருந்தது பயமும் துக்கமும்தான். தனி ஆளாகத் தேடி முடியாது என்று தெரிந்தபோதுதான் பல் தேய்க்கையில் அந்த யோசனை வந்தது. ஊரே சேர்ந்து எனக்காகப் பூனை தேடும், எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது!

போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிகிறது.

பதிவு ஆபீசில் குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அமைப்போட நோக்கம்?"

"தெருப்பூனைகளை வரைபடத்தில் குறிப்பது."

"குறிச்சு?"

"காப்பாத்துறது."

"பூனை ஒரு இடத்துல நிக்குமா சார்? நீங்க குறிச்சு முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த தெருவுக்குப் போயிடுமே."

"அதனாலதான் பென்சில்ல குறிப்போம்."

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். வாதத்துக்காக இல்லை, அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

முதல் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில். தலைவி என் மனைவி. துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று நானே அவள் பெயரைப் போட்டேன். செயலாளர் நான். உறுப்பினர்கள் இருவர். ஒருவர் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா. இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரில் எந்தக் கேட்டுக்குப் பின்னால் எந்த நாய் என்று அவருக்கு மனப்பாடம். பூனை எங்கே இருக்காது என்று அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

வரைபடத்தை மூன்று நாளில் போட்டு முடித்தேன். படுக்கை விரிப்பு அளவு. சந்து, பொந்து, மதில், குப்பைத்தொட்டி எதையும் விடவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் ஒரு சொந்த வேலையும் செய்தேன். வழி தெரியாத பூனை ஒரு வாரத்தில் எவ்வளவு தூரம் போகும், இரண்டு வாரத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, காம்பஸை ஊன்றி, வட்டம் வட்டமாகப் பென்சிலில் சுற்றினேன். எங்கெங்கே தேடுவது என்று மனதில் வாங்கிக்கொண்டு, வட்டங்களை ரப்பரால் அழித்தேன். ரப்பர் வேலையில் என்னை மிஞ்ச ஆபீசிலேயே ஆள் கிடையாது. பூதக்கண்ணாடி வைத்தாலும் கோடு தெரியாது.

மாட்டுவதற்கு முன் மனைவியிடம் காட்டினேன். அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முப்பது வருஷத்தில் என் வேலையை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

"எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்கு. ரொம்ப நுணுக்கமா இருக்கு."

எனக்கு நெஞ்சு விம்மியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளும் தையல்காரம்மாவும் துணி எடுக்க வேண்டும் என்று வெளியே போனார்கள். இரண்டாம் நாள் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். தட்டில் போட்டதை முழுசாகச் சாப்பிட்டாள். அறக்கட்டளையின் முதல் வெற்றி என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் வீடு என்னவோ வெளிச்சமாகவில்லை. சாப்பிட்டாளே தவிர என்னோடு பேசவில்லை. கிண்ணத்தைத் தினமும் என் கண் முன்னால் கழுவிக் கவிழ்ப்பது மட்டும் நிற்கவில்லை. கழுவிவிட்டு என் முகத்தை ஒரு தடவை பார்ப்பாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைப்பேன். கேட்க மாட்டாள். சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டும் என்று எதிர்வீட்டு மாடிக்குப் போய்விடுவாள். ஒரு நாள் அளவு சரியில்லை, ஒரு நாள் ஓரம் பிரிந்துவிட்டது. இரண்டடி ஜன்னல் திரையை அந்தத் தையல்காரம்மா மாதக்கணக்கில் தைத்தார்.

இரண்டாவது கூட்டத்தில் ஊசிகளின் நிறம் முடிவாயிற்று. பச்சை, சாப்பாடு வைக்கும் வீடு. மஞ்சள், நோய்ப்பட்ட பூனை. நீலம், குட்டி போட்ட பூனை. அப்போது தபால்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"சிவப்பு ஊசியும் வேணும். சில பேரு வளர்த்த பூனையைப் பையில போட்டுக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வந்துடுறாங்க. அந்த வீட்டையும் குறிச்சு வைக்கணும்."

தலைவி என் பக்கம் திரும்பினாள்.

"செயலாளர் என்ன சொல்றாரு?"

குற்றவாளிதான் எல்லாரையும்விட உரக்கக் கத்துவான். கத்தினேன்.

"சும்மா குறிச்சா போதாது! வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு உறுப்பினருங்க சொல்லாமக் கொள்ளாம அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும். படிவம் வச்சு அறிக்கை எழுதணும்!"

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் என் மனைவி.

"ஒரு வருஷம்!"

"போதுமா?"

"போதாதுதான். ரெண்டு வருஷம்னு எழுது!"

"எழுதிட்டேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

வேலை நடந்தது. சொல்லக்கூடாது, நன்றாகவே நடந்தது. ஊர்க்காரர்கள் தபால்காரரிடம் சொல்லி அனுப்புவதை எல்லாம் குறித்தோம். ஆற்றோரத் தெருவில் பதினோரு பூனைகள் என்று பதினோரு வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். குண்டன், தங்கம், வாத்தியார், மாப்பிள்ளை என்று பதினோரு பெயர். பார்த்த நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தபோதுதான் தெரிந்தது, எல்லாம் ஒரே மஞ்சள் பூனை. காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் ஆரம்பித்து, பதினோரு பெயருக்கும் திரும்பிப் பார்த்து, பதினோரு வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த சந்தில் நின்ற லாரிக்கு அடியில் ஒரு கறுப்புத் தாய்ப்பூனை மூன்று குட்டிகளோடு பட்டினி கிடந்தது. ஐந்து வீட்டுச் சாப்பாட்டை அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம். ஒரு குட்டி தங்கவில்லை. மற்ற இரண்டும் பிழைத்தன.

நான் மட்டும் மழை, வெயில் பார்க்காமல் ஒரே பகுதிக்கே போய்க்கொண்டிருந்தேன்.

"செயலாளரே, ஊர்ல எவ்வளவோ இடம் இருக்கு. நீங்க ஏன் எப்பப் பார்த்தாலும் பிஸ்கட் ஃபேக்டரி பக்கமே சுத்துறீங்க?" என்று கேட்டார் தபால்காரர்.

"அங்கதான் தேவை அதிகம்."

"நம்ம தெருவுல ஒரு ஊசிகூட இல்லையே. இங்கயும் ஒரு தடவை பார்த்துடலாமா?"

"நம்ம தெருவுல பூனை ஏது? நேரம்தான் வீண்."

"விடுங்க" என்றாள் தலைவி. "அவருக்கு அந்த ஃபேக்டரி மேல என்னமோ பாசம்."

ஒரு நாள் மழை. ஃபேக்டரி மதிலோரம் சாக்கடைக்கு அருகில் ஒரு சாம்பல் வால் தெரிந்தது. வண்டி ஏதோ அடித்துப் போட்டிருந்தது. கிட்டப் போக எனக்குக் கால் வரவில்லை. தபால்காரர்தான் போய்ப் பார்த்தார். கையில் வெள்ளை இல்லை என்று அவர் சொன்னதும் நான் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். வேறு யாரோ வளர்த்ததாக இருக்கும். கழுத்தில் ஒரு நூல் கட்டியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம்.

"உங்களுக்கு இவ்வளவு இளகின மனசுன்னு தெரியாம இருந்துட்டேன் சார்" என்றார் தபால்காரர். மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோது இனிமேல் தாங்காது என்று தோன்றியது.

நல்ல மனுஷன் என்றால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் இன்னொரு பூனையைப் பிடித்தேன்.

எட்டு மாதம் சுற்றியதில் ஃபேக்டரிப் பக்கத்துப் பூனைகள் எல்லாம் எனக்குப் பழக்கம். அதில் ஒன்று அப்படியே மேனேஜரம்மாவின் அச்சு. அதே சாம்பல். முன்கையும் வெள்ளை. என்ன, வலது கை. இடதா வலதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? முப்பத்தொரு வருஷம் வரைபடம் போட்டவன், ஆற்றங்கரை இடம் வலம் மாறிவிட்டதற்காக ஒரு தடவை சம்பள உயர்வை இழந்தவன், இப்படி நினைத்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

பதினைந்து நாள் மீன் துண்டு போட்டுப் பழக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நீல ஜிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தேன்.

"யாரு வந்திருக்காங்கன்னு வந்து பாரு!"

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். முதலில் பையைப் பார்த்தாள். அப்புறம்தான் பூனையைப் பார்த்தாள்.

"அதே பையிலயா கொண்டு வந்தீங்க?"

"ஆமா, அதே பைதான்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. "எந்த அதே பை?"

"ஒண்ணுமில்ல. எங்க கிடைச்சாங்க?"

"பிஸ்கட் ஃபேக்டரிக்குப் பின்னால. தொட்டி பக்கத்துல."

"அடேயப்பா! இந்த ஜன்னல்ல இருந்து குதிச்சு, பதினாலு ஸ்டாப் தாண்டிப் போயிருக்காங்க."

"பூனைங்க நல்லா நடக்கும்மா."

"வெள்ளைக் கை இந்தப் பக்கமா இருந்துச்சு?"

"எட்டு மாசம் ஆச்சுல்ல. உனக்கு மறந்திருக்கும்."

"இருக்கும். ஜன்னலைத் திறந்து வச்சதே எனக்கு மறந்துபோச்சே."

அந்தப் புதுப் பூனையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதுவும் ஒன்றும் சொல்லாமல் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். எட்டு மாதத்துப் பாரம் இறங்கியது. இறங்கி எவ்வளவு நேரம் கீழே இருந்தது என்கிறீர்கள்? அவள் சமையலறைக்குப் போய் ஜன்னல் கொக்கியை எடுக்கும் வரைக்கும்.

"அக்கா!" என்று எதிர்மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மேனேஜரம்மாவை அழைச்சிட்டு வாங்க. ஆபீசுக்குப் புது ஆளு வந்திருக்கு!"

எனக்குக் கிட்டத்தில் இருக்கும் முடி அளவு கோடும் தெரியும். பத்தடிக்கு அப்பால் எல்லாம் குத்துமதிப்புதான். தையல்காரம்மாவின் ஜன்னலில் எப்போதும் ஒரு சாம்பல் நிறத் துணி மூட்டை வெயில் காயும். எட்டு மாதமாக என் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன். அந்த மூட்டை இப்போது எழுந்து நின்றது. முதுகை வளைத்தது. கொட்டாவி விட்டது.

இரண்டு நிமிஷத்தில் தையல்காரம்மா அதைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் கூடத்தில் நின்றார். இடது கை வெள்ளை. ஒரு காது நுனி கிழிந்து ஆறியிருந்தது. மேனேஜரம்மா என்னைப் பார்த்தாள். வேலை பிடிக்கவில்லை.

"எப்ப... எப்படிக் கிடைச்சா?" என்றேன்.

"உங்க வரைபடம்தான் காட்டுச்சு" என்றாள் மனைவி.

"வரைபடமா?"

"அன்னைக்கு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேனே. ஊசி ஒண்ணுகூடக் குத்தாத புதுத் தாள். அதுல ஒரே ஒரு ஓட்டை. காம்பஸ் ஊன்றின ஓட்டை. காணாமப் போன பூனையைத் தேடுறவங்க நம்ம வீட்டுல ஊன்றி வட்டம் போடுவாங்க. நீங்க பிஸ்கட் ஃபேக்டரித் தொட்டியில ஊன்றியிருந்தீங்க. அப்புறம் அந்த நீலப் பையைத் திறந்து பார்த்தேன், உள்ள எல்லாம் சாம்பல் முடி."

பென்சில் கோட்டை எப்படி அழிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டையை அழிக்க இதுவரை ரப்பர் வரவில்லை.

"முதல் நாள் போனோம், கிடைக்கல" என்றார் தையல்காரம்மா. "ரெண்டாம் நாள் தொட்டிக்கு அடியில இருந்து கத்துச்சு. காதெல்லாம் ரத்தம். நீங்க ரொம்பத் துல்லியமா ஊன்றியிருந்தீங்க சார்."

அறக்கட்டளை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே என் வரைபடம் என் பூனையைக் கண்டுபிடித்துவிட்டது. எனக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

"அப்ப இந்த எட்டு மாசம்? மழையில, வெயில்ல, நான் தெருத்தெருவா..."

"நாப்பத்து மூணு பூனை பிழைச்சிருக்கு. மழையில அலைஞ்சது வீணாப் போகல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அவள் புதுப் பூனையைக் கீழே விட்டாள். அது நேரே கிண்ணத்திடம் போய் முகர்ந்தது. அவள் குனிந்து, எட்டு மாதமாகக் கவிழ்ந்திருந்த கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"அதைத்தான் நான் நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். "தினமும் இதைக் கழுவி உங்க முன்னால கவிழ்த்து வச்சேன். இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. பூனையை விட்டுட்டு வந்ததுக்குக் கோபம் ஒரு வாரத்துல போயிடுச்சு. ஜன்னலை நான் திறந்து வச்சேன்னு சொன்னீங்க பாருங்க. ரெண்டு வாரத்துக்கு மேல நான் என்னையே திட்டிக்கிட்டேன். அது ஒண்ணை மட்டும் நீங்க வந்து சொல்லியிருக்கலாம்."

"தப்புதான்" என்றேன். "நான்தான் கொண்டுபோய் விட்டேன். நீ ஜன்னலைத் திறக்கவே இல்ல."

எட்டு மாதம் தொண்டையில் நின்ற வார்த்தை. வெளியே வந்ததும் ரொம்பச் சின்னதாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். தையல்காரம்மா மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார். என் மனைவி தன் சேலைத் தலைப்பை நீட்டுவாள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அவள் ஊசி டப்பாவை நீட்டினாள்.

"என்ன இது?"

"சிவப்பு. நம்ம தெருவுல ஒண்ணுகூட இல்லைன்னு தபால்காரர் குறைப்பட்டாரே. குத்துங்க."

"நானேவா?"

"செயலாளர்தான் குத்தணும். விதியிலயே இருக்கு. உங்க கையெழுத்துதான்."

நான் போட்ட வரைபடத்தில், நான் வரைந்த தெருவில், நான் குடியிருக்கும் வீட்டின் மேல் என் கையாலேயே குத்தினேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை தபால்காரரும் தையல்காரம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார்கள். என் நாற்காலியில் தபால்காரர் உட்காருகிறார். நான் நிற்கிறேன். நான் தயாரித்த படிவத்தை எடுத்து, நான் எழுதிய கேள்விகளை என்னிடமே கேட்கிறார். கடைசிக் கேள்விக்கு மேனேஜரம்மாவைத் தூக்கி என் முன்னால் வைக்க வேண்டும். 'பூனைக்கு அந்த நபர்மேல் நம்பிக்கை திரும்பிவிட்டதா?' அவள் என்னைப் பார்ப்பாள். வெள்ளைக் கையை நக்குவாள். எழுந்து புதுப் பூனையின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். 'இல்லை' என்று தபால்காரர் எழுதுவார். பாவம், அவருக்கு என் இளகின மனசின் மேல் இருந்த மதிப்பெல்லாம் போய்விட்டது. இதுவரை பத்தொன்பது 'இல்லை' ஆகிவிட்டது.

மனைவி பேசுகிறாள். முன்புபோல் இல்லை, ஆனாலும் பேசுகிறாள். போன வாரம் ஒரு தடவை சிரித்தாள், படிவத்தைப் பார்த்துத்தான் என்றாலும். கிண்ணங்கள் இரண்டு ஆகிவிட்டன. இரண்டையும் கழுவுவது நான். ஜன்னல் திறந்தே கிடக்கிறது, யாரும் குதித்து ஓடவில்லை.

நேற்றுத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இன்னும் என்னை நம்பலையா?"

"நம்புறேனே. நம்பாமலா கடைக்கு அனுப்புறேன்?" என்று சொல்லிப் பையைக் கையில் கொடுத்தாள்.

வலைப் பை. உள்ளே என்ன போகிறது என்று ஊருக்கே தெரியும்.